செல்லாத ஏழு

மங்குஸ்தீனை உடைக்காமலே எண்ணிவிடலாம்.
அடியில் ஒட்டிய இதழ் ஆறென்றால்
உள்ளே சுளை ஆறு.
பொய் சொல்லத் தெரியாத பழம்.
ஓட்டுப்பெட்டிக்கு அப்படி ஓர் அடி கிடையாது.
கவிழ்த்துத்தான் ஆகவேண்டும்.

கவிழ்த்தேன்.
பாலாய் ராயாவின் பிங்பாங் மேசைமேல்
நானூற்று இருபத்தெட்டு மடிப்புகள்.
வலை கட்டும் கம்பியில்
என்சிக் ரொஸ்லானின் தொப்பி.

கேள்வி ஒன்றுதான்.
இருபது பழமரம் வைத்தவருக்கு
ஐந்து வருடம் மதிப்பீட்டு வரியை விட்டுவிடலாமா?
ஆம் என்றால் மரப்படம்,
இல்லை என்றால் வெறுங்கூடை.
விட்ட வரியை யார் கட்டுவதென்று கேட்கத்
தாளில் இடமில்லை.

இருபது என்று சொன்ன வாரமே
ஊரில் மரங்கள் பெருகின.
பதினெட்டு டுரியான் வைத்திருந்த சன்னாசி
வேலியோரத்து இரண்டு பப்பாளியைச் சேர்த்தார்.
பப்பாளி மரமா செடியா என்று
கூட்டத்தில் அரைமணி நேரம் அடித்துக்கொண்டார்கள்.
ஆ கியோங் தவுக்கே எண்ணவே இல்லை.
மலை முழுக்க அவருடையது.
சும்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

வீரையன் எழுந்து நின்று பேசினார்:
"ரெண்டு வருசமா பூ விட்ட அன்னிக்கே மழை.
எல்லாம் உதிர்ந்து போச்சு.
வரிச்சீட்டு மட்டும்
ஒரு தவணை தவறாம காய்க்குது."
கைதட்டல் அடங்குமுன்
நாசி லெமாக் விற்கும் தனபாக்கியம்:
"விக்காத நாளு எனக்கும் இருக்கு அண்ணே.
கெட்டுப்போன சம்பலுக்கு
எந்த ஆபீசு தள்ளுபடி கொடுத்துச்சு?"
அதற்கும் கைதட்டினார்கள்,
பாதிப்பேர் அதே ஆட்கள்.

மலைக்காட்டிலிருந்து பெத்தாய் கொண்டுவரும்
பாஹ் ஆலோங்
வாசலில் மோட்டாரை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.
காட்டுக்கு வரிச்சீட்டு இல்லை.
பட்டியலில் பெயரும் இல்லை.

ஓட்டுக்கு முந்தின இரவு
என் வீட்டுப் படியில் ஒரு கூடை.
ஐந்து டுரியான், பேர் இல்லை.
லஞ்சத்துக்கு இதைவிட மட்டமான பொருள் கிடையாது.
இருட்டில் வைத்தாலும்
தெருவே மூக்கால் சாட்சி சொல்லும்.
பஸ் நிறுத்தத்தில் கொண்டுபோய் வைத்தேன்.
விடிந்தபோது முள்தோல் மட்டும் கிடந்தது,
பக்கத்தில் கழுவிய கூடை.

எண்ணினேன்.
மரம் இருநூற்றுப் பன்னிரண்டு,
கூடை இருநூற்று ஒன்பது.
என்சிக் ரொஸ்லான் இரண்டாம் முறை எண்ணச் சொன்னார்.
சன்னாசி ஜன்னலுக்கு வெளியே
விரல் மடக்கிக்கொண்டிருந்தார்.
மறுபடியும் அதேதான்.

செல்லாதவை ஏழு.
ஒன்றில் மரத்துக்கு முள் வரைந்திருந்தது.
ஒன்றில் கொட்டை எழுத்தில்
"மூணாம் லயத்து வாய்க்கால்", அவ்வளவுதான்.
இரண்டு வெற்றுத்தாள்.
ரப்பர் முத்திரை இரண்டு படத்திலும் விழுந்தது இரண்டு,
கைநடுக்கமோ, மனநடுக்கமோ.

ஏழாவதைப் பிரிக்கும்போதே தெரிந்தது.
மூன்றாக மடித்து ஓரத்தை நகத்தால் அழுத்தும் பழக்கம்
இந்த ஊரில் ஒரு கிராணிக்குத்தான்.
என் புருஷனுக்கு முப்பத்தோரு ரம்புத்தான்.
என் தங்கச்சி வீடு மூணாம் லயம்,
மழை வந்தால் அவள் வீட்டு அடுப்பு மிதக்கும்.
தடுப்புக்குள் நின்ற அந்த ஒரு நிமிடத்தில்
இரண்டு படத்துக்கும் நடுவே
கோட்டின் மேல் குத்தினேன்.

"செல்லாது" என்றேன் உரக்க.
என்சிக் தலையாட்டி எழுதிக்கொண்டார்.

வீட்டில் அவர்
மருந்தடிக்கும் பம்ப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டார்,
"எத்தனையில ஜெயிச்சுது?"
"மூணு."
"மூணுன்னாலும் ஜெயிப்பு ஜெயிப்புதானே."
போன் அடித்தது.
தங்கச்சிதான்.
கூரைமேல் முதல் தூறல் விழும் சத்தம்
இரண்டு வீட்டிலும் ஒன்றாகக் கேட்டது.
அவளும் முதலில் எண்ணிக்கையைத்தான் கேட்டாள்.